காலைல வந்து பாத்தா இன்னும் "வெயிட்டிங் 30 செகண்ட்ஸ்"

கேள்வி: மருந்து மொத்த வியாபாரம் பண்றோம். பழைய பில் பிடிஎஃப்களை ராத்திரி சர்வர்ல இருந்து இன்னொரு டிரைவுக்கு மாத்திட்டு இங்க அழிக்க ஒரு பேட்ச் ஃபைல் (கமாண்டுகள வரிசையா எழுதி வச்ச ஃபைல்) ஓடுது, உள்ள இருக்கறது ரோபோகாப்பி, ஃபைல காப்பி பண்ற விண்டோஸ் கமாண்ட். ஒரு வாரமா காலைல பாத்தா கருப்பு விண்டோல எரர் 32, "வெயிட்டிங் 30 செகண்ட்ஸ்"னு நிக்குது. ஹார்ட் டிஸ்க் போச்சா?

டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகல மேடம், முதல்ல அந்த பயத்த விடுங்க. எரர் 32னா அந்த ஃபைல வேற ஏதோ ப்ரோக்ராம் திறந்து வச்சிருக்கு, அவ்வளவுதான். ரோபோகாப்பி ஹேங் ஆகல, காத்துக்கிட்டு இருக்கு. நீங்க எதுவும் சொல்லலன்னா அது ஒவ்வொரு தடவையும் 30 செகண்ட் நின்னு நின்னு 10 லட்சம் தடவ முயற்சி பண்ணும். கணக்கு போட்டா 3 கோடி செகண்ட், 347 நாள், ஒரே ஒரு பிடிஎஃப்புக்கு! ரோபோகாப்பி விஸ்டா காலத்துல இருந்து விண்டோஸோடவே வருது, இத மாத்தணும்னு இன்னும் யாருக்கும் தோணல. யார் பிடிச்சு வச்சிருக்காங்கன்னும் சொல்லாது, "இன்னொரு ப்ராசஸ்"னு மொட்டையா சொல்லும்.

கமாண்ட் கடைசில ஸ்லாஷ் ஆர் கோலன் 2, ஒரு ஸ்பேஸ் விட்டு ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 5னு சேருங்க. அஞ்சு அஞ்சு செகண்ட் நின்னு இன்னும் ரெண்டு தடவ பாத்துட்டு அந்த ஃபைல விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும், விட்டது அடுத்த ராத்திரி போகும்.

ஃபைல அழிக்கற டெல் கமாண்ட்ல ஸ்லாஷ் எஃப் போட்டா எதையும் அழிச்சிடும்னு யாராவது சொல்வாங்க, நம்பாதீங்க, அது ரீட்-ஒன்லி ஃபைலுக்கு மட்டும்தான். அதவிட மோசம் நெட்ல கிடைக்கிற பிடிச்சு வச்ச ஃபைல விடுவிக்கறேன்னு சொல்ற ஃப்ரீ "அன்லாக்கர்" சாஃப்ட்வேர், பில்லிங் சர்வர்ல அத இறக்கவே இறக்காதீங்க, கூடவே விளம்பரக் குப்பையும் வந்து உக்காந்துக்கும். "ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும், புது டிஸ்க் போட்ருவோம்"னு வர்ற சர்வீஸ் ஆள்கிட்ட தயவுசெஞ்சு சிஸ்டத்த குடுக்காதீங்க, ரெண்டு வார்த்த சேக்கற வேலைக்கு டிஸ்க்கு காசு வாங்கிட்டுப் போவாங்க, அப்பவும் இதே எரர் வரும்.

யார் பிடிச்சிருக்கான்னு பாக்க சர்வர்ல விண்டோஸோட ரிசோர்ஸ் மானிட்டர் திறந்து, சிபியு டேப்ல அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் பக்கத்துல இருக்கற பெட்டில ஃபைல் பேர அடிங்க.

ஆனா உங்க கதைல ஒண்ணு இருக்கு. கவுண்டர் சிஸ்டத்துல யாராவது ஷேர் ஃபோல்டர் வழியா பில்ல திறந்து வச்சிட்டு வீட்டுக்குப் போயிருந்தா சர்வர்ல வெறும் "சிஸ்டம்"னு காட்டும், இல்லன்னா ஒண்ணுமே காட்டாது. அப்ப கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்ல ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதுக்குள்ள ஓப்பன் ஃபைல்ஸ் பாருங்க, எந்த யூசர், எந்த ஃபைல்னு வரிசையா இருக்கும். அங்கயே மூடலாம், ஆனா பிடிஎஃப்ப மட்டும் மூடுங்க. அதே லிஸ்ட்ல பில்லிங் டேட்டா ஃபைலும் நிக்கும், கை தவறி அத மூடிட்டீங்கன்னா அன்னிக்கு ஸ்டாக் கணக்கே கெட்டுப்போகலாம்.

இன்னிக்கே அந்த கருப்பு விண்டோல கன்ட்ரோல் சி அடிச்சு நிறுத்திடுங்க. நேரம் குறிச்சு வேலைய ஓட்டற டாஸ்க் ஷெட்யூலர்ல ஓட விட்டிருந்தா, பழசு ஓடிட்டு இருக்கற வரைக்கும் அது வழக்கமா புதுச ஆரம்பிக்காது, நீங்க கமாண்ட திருத்தியும் ராத்திரி ஒண்ணும் நடக்காது.