கேள்வி – பதில்: கிராண்டில் யார் பெயர்?

கேள்வி: எங்கள் பட்டணத்துப் பேரங்காடி, 1990-களில் பால்மரங்களை (ரப்பர் மரங்களை) வெட்டிய நிலத்தில் எழுந்தது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற என் தந்தையார், ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு முதல் மாடியில் ஒரு கடை வாங்கினார். அதில் நான் புடவை விற்பனையும் தையலும் நடத்தி வருகிறேன். மின்படி நின்று நெடுநாளாகிறது. மழை பெய்தால் நடுக்கூடத்தில் வாளி வைக்கிறார்கள். இப்போது ஒரு மேம்பாட்டு நிறுவனம் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போவதாகவும், பெரும்பாலோர் சம்மதித்துவிட்டதால் நானும் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்றும் வற்புறுத்துகிறது. என்ன செய்யலாம், ஐயா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பேராக்

பதில்: கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்பது சரியல்ல, அம்மா. உங்கள் கடைக்குத் தனி ஸ்ட்ராட்டா கிராண்ட் (அடுக்குக் கட்டடத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் தரப்படும் உரிமைப் பத்திரம்) வழங்கப்பட்டுள்ளதா, அது யார் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் நில அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிராண்ட் உங்கள் குடும்பத்தின் பெயரில் இருந்தால், மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா உரிமைச் சட்டப்படி, அந்தக் கட்டடம் தனித்தனி உரிமைகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதை ரத்து செய்ய உரிமையாளர்களின் ஒருமனதான தீர்மானம் வேண்டும். பெரும்பான்மை போதாது. 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களுக்கு 75 விழுக்காட்டினரின் சம்மதம் போதும் என்று 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் தாக்கலான நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா முன்மொழிந்தது உண்மைதான். ஆனால் மசோதாவைச் சட்டம் போலக் காட்டி மிரட்டுபவரிடம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள்.

நம் நாட்டுப் பேரங்காடிகளில் இரு வகை உண்டு. கடைகளை விற்காமல் வாடகைக்கு மட்டும் விடுபவை ஒரு வகை. இவ்வகையைச் சேர்ந்த, 1995-இல் திறக்கப்பட்ட பண்டார் உத்தாமாவின் ஒன் உத்தாமா பேரங்காடி, 2003-இல் புதிய பகுதியைச் சேர்த்துப் பெருத்தபோது நூற்றுக்கணக்கானோரிடம் கையெழுத்து வாங்கி அலைய வேண்டியிருக்கவில்லை. மற்றொரு வகை, உங்களுடையதைப் போலத் துண்டு துண்டாக விற்கப்பட்டது. கட்டியவருக்குப் போட்ட முதல் உடனே திரும்பிவிட்டது; மின்படியைப் பழுதுபார்க்கும் கவலை மட்டும் வாங்கியவர்கள் தலையில் விடிந்தது. 1973-இல் திறக்கப்பட்டு, நாட்டின் முதல் பேரங்காடி என்று பெயர் பெற்ற கோலாலம்பூரின் அம்பாங் பார்க்கும் இந்த இரண்டாம் வகையே. எம்.ஆர்.டி. எனும் நகர ரயில் நிலையத்துக்காக 1960-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் கீழ் அது கையகப்படுத்தப்பட்டது; கடை உரிமையாளர்கள் நீதிமன்றப் படி ஏறியும் தடுக்க இயலாமல், 2017 டிசம்பர் 31-இல் கதவடைத்தது. அரசு எடுத்துக்கொள்வது வேறு, தனியார் நிறுவனம் கேட்பது வேறு என்பதை நினைவில் வையுங்கள்.

ஒழுகும் கூரைக்கும் ஒரு கணக்கு உண்டு. 2013-ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தில் பத்து விழுக்காடு பெரும் பழுதுகளுக்கான நிதிக்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பணம் எங்கே என்று ஆண்டுக் கூட்டத்தில் கேளுங்கள்; பதில் இல்லையேல் ஊராட்சி மன்றத்திலுள்ள கட்டட ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். பாழடையவிட்டுப் பிறகு மலிவு விலை பேசுவது பழைய உத்தி என்பது என் கருத்து.

சம்மதிப்பதே நல்லது என்று முடிவெடுத்தால், புதிய கட்டடத்தில் எந்த மாடியில் எத்தனை சதுர அடி, கட்டி முடியும் வரை மாத வருமானத்துக்கு ஈடு என்ன என்பவை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். பெட்டாலிங் ஜெயா செக்‌ஷன் 14-இல் 1974 முதல் இயங்கிய ஜெயா சூப்பர்மார்க்கெட், 2009 மே 28-இல் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து ஏழு தொழிலாளர்களைப் பலி கொண்டது. அதே இடத்தில் புதிய வளாகம் திறக்கப்பட்டது 2014-இல்தான். அத்தனை ஆண்டுகள் உங்கள் தையல் இயந்திரம் எங்கே ஓடும் என்பதற்கு அவர்கள்தாம் பதில் தர வேண்டும்.

கேள்வி: சிலாங்கூரின் பெரிய பேரங்காடிகள் தோட்ட மண்ணில்தான் நிற்கின்றன என்று என் தாத்தா கூறுகிறார். உண்மையா?
– கல்லூரி மாணவர், தைப்பிங்

பதில்: பலவற்றுக்கு உண்மை. பெட்டாலிங் ஜெயா 1950-களில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்திலிருந்து உருவானது. பண்டார் உத்தாமாவும் எஃபிங்ஹாம் தோட்டமாக இருந்ததே. 1988-இல் திறக்கப்பட்ட சுபாங் பரேட் அமைந்துள்ள சுபாங் ஜெயா, 1976 முதல் சீபீல்டு தோட்ட நிலத்தில் எழுந்த நகரம். தோட்ட நிர்வாகம் தந்த லயத்து வீடுகளில் தலைமுறையாக வாழ்ந்த தொழிலாளர்களின் பெயர் கிராண்டில் இல்லாததால், நிலம் கைமாறும்போது அவர்களைக் கேட்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று அப்போதைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதனால்தான்.

கேள்வி: பேரங்காடியில் வாடகைக்குச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறேன். கட்டடம் விற்கப்பட்டால் எனக்குப் பாதுகாப்பு உண்டா?
– வாசகர், கூலிம்

பதில்: தானாகக் கிடைக்காது. மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்தை, 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி நில அலுவலகத்தில் கிராண்டில் குறிக்கச் செய்தால், அதன்பின் வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். மூன்றாண்டைத் தாண்டினால் குத்தகையாகப் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்திவிட்டீர்களா என்றும் இன்றே பாருங்கள்; செலுத்தாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.