பழைய மெர்க்லின் இன்ஜின்களை வாங்கலாமா, ‘சிப்’ மாற்றலாமா?

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே வசிக்கிறோம். ஒன்பது வயது மகனுக்கு ரயில் என்றால் உயிர். இணைய விளம்பரம் ஒன்றில் மெர்க்லின் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் ஆறு மாடல் ரயில் இன்ஜின்கள், நீல நிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, ஒரு பெட்டி நிறைய உலோகத் தண்டவாளம் எல்லாம் சேர்த்து 550 யூரோ என்கிறார் ஒருவர். இரண்டு பெட்டிகளில் ‘டிஜிட்டல்’ என்றும் ஒன்றில் ‘டெல்டா’ என்றும் போட்டிருக்கிறது. மற்ற மூன்றும் இன்னும் பழையவை. ‘முப்பது யூரோவுக்கு ஒரு சிப் போட்டால் எல்லாமே புதுசு மாதிரி ஓடும்’ என்கிறார். வாங்கலாமா?

பதில்: ஆறையும் சேர்த்து வாங்க வேண்டாம். ‘டிஜிட்டல்’ என்று போட்ட அந்த இரண்டு பெட்டிகளின் எண்ணை மட்டும் கேளுங்கள். ஏதாவது ஒன்று 37 என்று தொடங்கினால் அதைத் தனியாக விலை பேசுங்கள். பிரித்துத் தர மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். போன தலைமுறையில் பிள்ளை வளர்த்த ஜெர்மன் வீடுகளின் பரண்களில் மெர்க்லின் பெட்டிகள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. இது போனால் அடுத்த வாரம் வேறொன்று வரும்.

பழைய மெர்க்லினில் காசு பெறுவது உடலும் மோட்டாரும்தான். வார்ப்பு உலோக உடல், உறுதியான பல்சக்கரங்கள். எண்ணெய் மட்டும் பார்த்துப் போட்டால் நாற்பது வருடம் கழித்தும் ஓடும். உள்ளே இருக்கும் டிகோடர், அதாவது தண்டவாளம் வழியே வரும் கட்டளையைப் படித்து மோட்டாரை ஓட்டும் அந்தச் ‘சிப்’, அப்படியில்லை. மெர்க்லின் டிஜிட்டல் முறை கடைக்கு வந்தது 1980களின் நடுவில். அந்தக் காலத்து மின்னணுப் பலகைக்கு இன்று தனி மதிப்பு ஏதும் கிடையாது. ‘டிஜிட்டல்’ என்று பெட்டியில் போட்டிருப்பதற்காக ஒரு யூரோகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த ‘முப்பது யூரோ சிப்’ கதைக்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் உள்ள மூன்று பழைய இன்ஜின்களிலும் இருப்பது மாறுமின்னோட்டத்தில் ஓடும் மோட்டார். அதில் காந்தம் கிடையாது. காந்தத்தின் வேலையைக் கம்பிச்சுருள் ஒன்று செய்கிறது. முன்னே போவதா பின்னே போவதா என்பதை ஒரு சின்ன ரிலே, அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச், மாற்றிக் கொடுக்கிறது. இன்றைய டிகோடர்களில் பெரும்பாலானவை நிலையான காந்தம் வைத்த மோட்டாரைத்தான் ஓட்டும். ஆகவே கம்பிச்சுருளை எடுத்துவிட்டுக் காந்தம் வைக்க வேண்டும். நன்றாக ஓட வேண்டுமென்றால் உள்ளே சுழலும் பகுதியையும் மாற்ற வேண்டும். ரிலேயைக் கழற்ற வேண்டும். விளக்குகளைப் பிரித்து மறுபடி இணைக்க வேண்டும். அத்தனைக்கும் சால்டரிங் தெரிந்த கை தேவை. டிகோடர் மட்டும் தோராயமாக 30 முதல் 50 யூரோ ஆகும். மோட்டார் பாகங்களோடு சேர்ந்த செட் அதைப்போல் இரண்டு மடங்கு. கடையில் கொடுத்துச் செய்தால் கூலி தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். செலவழித்த பிறகு விற்கப் போனால் போட்ட காசு திரும்பாது. அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன இன்ஜின் என்றால் அது வேறு. அங்கே கணக்குப் பார்க்க வேண்டாம். முன்பின் தெரியாதவரிடம் வாங்கும் இன்ஜினுக்கு அந்தச் செலவு செய்ய ஒரு காரணமும் இல்லை.

அந்த மூன்றில் ஒன்று பழைய ‘முதலை’யாக, அதாவது மெர்க்லின் பல ஆண்டுகள் விற்ற நீண்ட மூக்கு வைத்த அந்தச் சுவிஸ் மின்சார இன்ஜினாக இருந்து, அசல் பெட்டியோடும் வந்தால் அதில் சால்டரிங் இரும்பை வைக்கவே வைக்காதீர்கள். சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலை தொடப்படாத வயரிங்குக்குத்தான்.

36 என்று தொடங்கும் நான்கு இலக்க எண் இருந்தால் அது முதல் தலைமுறை டிஜிட்டல். அது மெர்க்லினின் இன்றைய கட்டுப்பாட்டுக் கருவிகளான மொபைல் ஸ்டேஷனிலும் சென்ட்ரல் ஸ்டேஷனிலும் ஓடும். இன்ஜினுக்குக் கட்டளை அனுப்பும் பழைய மோட்டரோலா முறையை அவை இன்னும் புரிந்துகொள்கின்றன. ஓடும் என்பதோடு சரி. கிளம்பும்போது உலுக்கும், மேட்டில் திணறும், இறக்கத்தில் பாயும். எந்தத் திசை என்பதை அந்த முறை இன்ஜினுக்கு நேராகச் சொல்வதில்லை, ‘திரும்பு’ என்று மட்டுமே சொல்கிறது. அதனால் திரையில் முன்னே என்று காட்டும். இன்ஜின் பின்னே போகும். ஒன்பது வயதுப் பையன் நாலு தடவை பார்ப்பான், ஐந்தாவது தடவை ‘அப்பா, இது கெட்டுப்போச்சு’ என்று வந்து நிற்பான். டெல்டா என்பது இதே குடும்பத்தின் மலிவுப் பதிப்பு. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

37 மட்டும் விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பொருளையும் பழசு என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 37 என்று தொடங்கும் பழைய இன்ஜின்களில் மெர்க்லின் ஐந்து துருவ மோட்டாரையும் நிலையான காந்தத்தையும் தொழிற்சாலையிலேயே வைத்துவிட்டது. மேடானாலும் பள்ளமானாலும் ஒரே வேகத்தில் போகும். நிலையத்துக்குள் மெதுவாக ஊர்ந்து வந்து நிற்கும். மேலே சொன்ன செலவில் பெரும்பகுதி மோட்டாருக்குத்தான் போகிறது. இதில் அந்த வேலை முடிந்துவிட்டது. டிகோடர் செத்தே போனாலும் புது டிகோடர் மட்டும் வாங்கி அந்த இடத்தில் வைத்தால் போதும். உங்கள் விற்பனையாளர் சொல்லும் முப்பது யூரோக் கணக்கு இந்த ஒரு வகைக்கு மட்டும் ஏறக்குறைய பொருந்தும். பெட்டி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். உடலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். நான்கு இலக்க எண் கொண்ட பழைய 37-இல் டிகோடர் மேல் எட்டுச் சின்ன சுவிட்சுகளும், பக்கத்திலேயே ஸ்க்ரூடிரைவரால் திருகும் இரண்டு சிறு குமிழ்களும் இருக்கும். ஒன்று அதிகபட்ச வேகத்துக்கு, இன்னொன்று மெதுவாகக் கிளம்புவதற்கு. அந்த இரண்டு குமிழ்களைப் பார்த்தால் பெட்டியும் இன்ஜினும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று பெரும்பாலும் நம்பலாம். அவை இல்லை, வேறு புதிய டிகோடர் இருக்கிறது என்றால் முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கிறார். எந்த நிறுவனத்துடையது என்று கேளுங்கள். 2004-இல் எம்எஃப்எக்ஸ் என்ற புதிய டிஜிட்டல் முறை வந்த பிறகு வந்த ஐந்து இலக்க 37-களில் பலவும் தண்டவாளத்தில் வைத்தவுடன் தாமாகவே கட்டுப்பாட்டுக் கருவியில் பெயரைக் காட்டும். அப்படியொன்று கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை.

39 என்று தொடங்கும் இன்ஜின் கைக்கு வந்தால் மட்டும் எச்சரிக்கை. அவற்றில் முதலில் வந்தவற்றின் மோட்டார் தனி மின்னணுப் பலகையை நம்பி ஓடுவது. அந்தப் பலகை போனால் மாற்றுக் கிடைப்பது குதிரைக்கொம்பு.

நீல டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலுக்கே அர்த்தமில்லை. அதை இலவசமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவை 220 வோல்ட் காலத்தில் செய்தவை. இன்று சுவரில் வருவது 230 வோல்ட். உள்ளே கூடினால் வெளியேயும் கூடும். பழைய முறையில் இன்ஜின் திசை மாற, குமிழைத் திருப்பும்போது 24 வோல்ட் ஒரு நொடி அடிக்கும். அந்த அடி இப்போது இன்னும் பலமாக விழுகிறது. இரும்பு ரிலே தாங்கும். மின்னணு டிகோடர் தாங்காது. என் மேசைக்கு ‘திடீரென்று நின்றுவிட்டது’ என்று வரும் இன்ஜின்களில் கருகிய டிகோடரைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் நீலப் பெட்டி இருக்கிறதா என்பதுதான். பணம் போவதைவிடப் பெரிய விஷயம் பிள்ளையின் பாதுகாப்பு. அந்தப் பெட்டிக்குப் போகும் கேபிளின் உறை வயதாகி விறைத்திருக்கும். பிளக் அருகே லேசாக வளைத்துப் பாருங்கள், விரிசல் தெரியும். அதற்குள் ஓடுவது வீட்டு மின்சாரம். டிஜிட்டலில் ஓட்ட அந்தப் பெட்டி தேவையே இல்லை. டிஜிட்டல் கருவி இணைத்திருக்கும் தண்டவாளத்தோடு அதையும் சேர்த்து இணைத்தால், கருவியும் இன்ஜினும் சேர்ந்தே போகும். அந்தப் பழைய உலோகத் தண்டவாளத்தில் மின்சாரம் கொடுக்கும் துண்டுக்குள் சில சமயம் ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். டிஜிட்டலுக்கு அது ஆகாது. இதை விளம்பரத்தில் யாரும் எழுதுவதில்லை.

இடைத்தரகர்களும் இதைப்போல மறைத்துத்தான் விற்பார்கள். முதியவர் ஒருவர் இறந்தபின் வீட்டைக் காலி செய்து கொடுப்பவர்கள், எஞ்சியதை அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். அதே பொருளை ‘பரணில் கிடைத்தது’, ‘அரிது’, ‘சோதித்தது’ என்று மூன்று வார்த்தை சேர்த்து நம் தலையில் கட்டுவார்கள். சோதித்தது என்றால் முன்னால் ஒரு சுற்று ஓடியது என்று அர்த்தம்; பின்னால் போகுமா என்று பார்த்திருக்க மாட்டார்கள். இறுகிப்போன இன்ஜினுக்குள் துரு நீக்கும் ஸ்ப்ரேயை அடித்தால் அன்றைக்கு ஓடும். பிறகு அதே எண்ணெய் மோட்டாரின் கரித்தூளோடு கலந்து கருஞ்சேறாகிவிடும். இன்ஜினை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை அடித்தால் கீழே வையுங்கள்.

மாதம் பத்து விளம்பரம் போடுகிறவர், ‘தனிநபர் விற்பனை, திருப்பி எடுக்க மாட்டோம்’ என்று அடியில் எழுதுவார். வியாபாரி என்று ஒப்புக்கொண்டால் ஜெர்மன் சட்டப்படி பழைய பொருளுக்கும் குறைபாட்டுப் பொறுப்பை ஏற்க வேண்டும், இணையத்தில் விற்றால் பதினான்கு நாளுக்குள் திருப்பி எடுக்கவும் வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் இந்த வேடம். அவருடைய மற்ற விளம்பரங்களைச் சொடுக்கிப் பாருங்கள். இன்று இன்ஜின், நேற்று கேமரா, முந்தாநாள் பீங்கான் என்று இருந்தால் அவர் யார் என்று தெரிந்துவிடும். சட்டம் இருக்கிறது, அதைப் பார்க்க ஆள் இல்லை. வாங்குகிற நாம்தான் ஒவ்வொரு தடவையும் துப்பறிய வேண்டியிருக்கிறது.

நிறுவனங்கள்மேலும் எனக்குக் கோபம் உண்டு. 80களில் மோட்டரோலா முறை, 90களில் டெல்டா, 2004-இல் இன்னொன்று, ஒவ்வொன்றும் ‘டிஜிட்டல்’. வெளியே இருந்து பார்க்கும் அப்பா அம்மாவுக்கு எது எது என்று எப்படித் தெரியும்? பெட்டியில் ஒரே ஒரு வரி, ‘இது இந்தக் கருவியோடு இப்படி ஓடும்’ என்று அன்றே அச்சடித்திருக்கலாம். எண்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும் புரிகிற சங்கேதமாக அதை வைத்துவிட்டார்கள். அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார்.

நேரில் பார்க்கப் போனால் இன்ஜினைத் திருப்பிப் பிடியுங்கள். அடியில் நீளவாக்கில் ஒரு உலோகத் தகடு தொங்க வேண்டும்; தண்டவாளத்தின் நடுவே இருக்கும் புள்ளிகளில் இருந்து மின்சாரம் எடுப்பது அதுதான். தகடு இல்லையென்றால் அது நடுப்புள்ளி இல்லாமல் இரண்டு தண்டவாளங்களிலிருந்தே மின்சாரம் எடுக்கும் வேறு முறை இன்ஜின். உங்கள் மகனிடம் ஓடாது. தகட்டில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் நிறைய ஓடியிருக்கிறது. அது பெரிய குறையில்லை, புதுத் தகடு சில யூரோதான். பிறகு மோட்டாரோடு இணைந்த சக்கரத்தை விரல் நுனியால் தள்ளுங்கள். பழைய மெர்க்லினில் பல்சக்கரங்கள் நேராகக் கோத்திருப்பதால் சக்கரமும் மோட்டாரும் சேர்ந்தே சுழலும். சரசரவென்று பிரஷ் உரசும் சத்தம் கேட்கும். நகரவே மாட்டேன் என்றால் உள்ளே எண்ணெய் பிசினாகிவிட்டது. சுத்தம் செய்தால் சரியாகும், ஆனால் விலையைக் குறைத்துக் கேட்க அது நல்ல காரணம். சில சக்கரங்களில் மட்டும் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். நகத்தால் அழுத்துங்கள், கல்லாகியிருந்தால் மாற்ற வேண்டும். ஓட்டிக் காட்டும்போது திசை மாறும் நேரத்தில் இன்ஜின் தவளைபோல் முன்னே துள்ளினால் பயப்படாதீர்கள். குறை ரிலே ஸ்பிரிங்கில்தான், மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது.

உங்கள் 550 யூரோவை இப்படிப் பிரியுங்கள். முதலில் மொபைல் ஸ்டேஷனும் அதற்குரிய மின்வழங்கியும், ஒரு வட்டம் போட பிளாஸ்டிக் அடித்தளம் கொண்ட சி வகைத் தண்டவாளமும். இவை சேர்ந்த தொடக்க செட்டாகவே புதிதாகக் கிடைக்கும், அதோடு ஒரு இன்ஜினும் வரும். மீதியில் ஒரு பழைய 37. அதை விளம்பரத்தில் தேடுவதைவிட, சங்கங்கள் நடத்தும் மாடல் ரயில் சந்தையில் வாங்குங்கள். பல சந்தைகளில் சோதனைத் தண்டவாளம் போட்டிருப்பார்கள். வாங்குமுன் பையனே வைத்து ஓட்டிப் பார்க்கலாம். மெர்க்லின் பிறந்த கோப்பிங்கன் உங்கள் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான். அந்தப் பக்கத்துச் சங்கங்களில் இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் இருப்பார்கள். வாங்கும் முன் அவர்களில் ஒருவரிடம் இன்ஜினைக் காட்டுங்கள்.