பதினைந்து வயதுக்கு ஒரு நாவல்

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்திருக்கிறாள். எட்டாவது வரை நான் வாங்கித் தந்த சிறுவர் கதைகளை ஆசையாகப் படித்தவள், இப்போது ராத்திரி ஒரு மணி வரை ஆங்கில நாவல்தான். தமிழில் எதைக் கொடுத்தாலும் “இது சின்னப் புள்ளைங்க கதைம்மா” என்கிறாள். பெரியவர்கள் நாவல் என்றால் பத்துப் பக்கத்தில் மூடிவிடுகிறாள். அவள் வயதுக்குத் தமிழில் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா?

ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் மூடிவைப்பதில் தவறே இல்லை. நம் சிறுவர் கதைகள் பலவற்றில் பிள்ளைக்குக் கோபம் வந்தால் பக்கம் முடிவதற்குள் ஒரு தாத்தாவோ ஆசிரியரோ வந்து புத்தி சொல்லிவிடுகிறார்கள். பதினைந்து வயதுக்காரி அதை மோப்பம் பிடித்துவிடுவாள்.

புதியவற்றில் இரண்டு நாவல்களுக்கு, சாகித்ய அகாதெமி சிறுவர் இலக்கியத்துக்குத் தரும் பால சாகித்ய புரஸ்கார் விருது கிடைத்தது: 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’, 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’. முதல் நாவல் கீழடிக்குப் போகிறது. ஆதன் என்பது அங்கே கிடைத்த பானை ஓட்டில் கீறியிருந்த பெயர். இரண்டுமே நல்ல புத்தகங்கள், ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்கு. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் மகளுக்கு நான் சொல்வது பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’. 2016இல் வந்தது. ஆட்டுக்குட்டிக் கதை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குட்டிக்குக் காது குத்தி அடையாளம் போட வரிசையில் காத்து நிற்கும் பகுதி வரையாவது படிக்கச் சொல்லுங்கள். ஆதார் எடுக்கக் கால்கடுக்க நின்ற பிள்ளைக்கு அதற்கு உரை வேண்டாம். அப்புறம் பூனாச்சிக்குப் பூவன் என்ற கிடாயின் மேல் வரும் பிரியம். அந்தப் பிரியத்தை எழுத்தாளர் சிரிப்பாக்கவில்லை, கண்டிக்கவும் இல்லை. அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு அதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூனாச்சியை அதன் விருப்பம் பாராமல் கிழட்டுக் கிடாயோடு சேர்க்கும் இடம் ஒன்று வருகிறது. படிக்கக் கஷ்டமாக இருக்கும். அதற்காக மறைக்காதீர்கள். முதலில் நீங்கள் படித்துவிடுங்கள், பிறகு அவள் கேட்டால் பேசுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அப்போது எனக்கும் பதினைந்து வயதுதான். புதுச்சேரியில் ஒரு நூலகத்தில் நான் எடுத்து வந்த நாவலை மேசைக்குப் பின்னால் இருந்தவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, “இது பெரியவங்க படிக்கிறது” என்றார், நாலு பேர் பார்க்க. கல்லூரி சேரும்வரை அந்தப் படி ஏறவில்லை. அந்த நாவலைப் பின்னாளில் படித்தபோது, என் வீட்டில் நடந்துகொண்டிருந்ததுதான் அதில் இருந்தது. அன்றைக்கே படித்திருந்தால் அத்தனை நாள் தனியாக அழுதிருக்க மாட்டேன்.

‘பூனாச்சி’ பிடித்துவிட்டால் அதே ஆசிரியரின் ‘கூளமாதாரி’. புதியதல்ல, 2000இல் வந்தது. பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட, அவள் வயதை ஒட்டிய பிள்ளைகளின் கதை. கொங்குப் பேச்சு கடலூர்ப் பிள்ளைக்கு முதலில் கொஞ்சம் தட்டும். இருபது பக்கம் தாண்டினால் காது பழகிவிடும்.

வாங்குவதற்கு நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு அவளையே கூட்டிப் போங்கள். பணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த கடையில் நில்லுங்கள். நான் சொன்னதை விட்டுவிட்டு வேறு எதையாவது எடுத்து வந்தாலும் சரிதான். எதை எடுத்தாள் என்று எழுதுங்கள். அவளே எழுதினால் இன்னும் சந்தோஷப்படுவேன்.