சென்னை கேலரியில் மஞ்சள் சட்டை போடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ்தான், படித்ததும் தமிழ் மீடியம். ஆனால் 2014இல் ஐ.எஸ்.எல். கால்பந்துப் போட்டி ஆரம்பித்த நாளிலிருந்து நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகன். கொச்சி கலூர் மைதானத்தில் பல ஆட்டங்கள் பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை சென்னையின் எஃப்.சி.யோடு சென்னையில் நடக்கும் ஆட்டத்துக்குப் போக ஆசை. பைக்கிலேயே போய்விடலாம் என்கிறான் நண்பன். கோவையில் படிக்கும் தங்கச்சி தானும் வருவேன் என்கிறாள். அம்மாவுக்கு ஒரே பயம். அயனாவரத்தில் இருக்கும் சித்தப்பாவோ, "தமிழனா இருந்துட்டு அவனுங்களுக்கு எதுக்குடா கத்தப் போறே?" என்று போனிலேயே திட்டினார். பிளாஸ்டர்ஸின் மஞ்சள் ஜெர்சி போட்டுக்கொண்டு போகலாமா, இல்லை சாதா சட்டையில் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்துவிடட்டுமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: போங்கள் தம்பி, மஞ்சள் ஜெர்சியிலேயே போங்கள். ஆனால் பைக்கில் வேண்டாம், ஓரமாகத் தனியாக உட்காரவும் வேண்டாம். இந்த இரண்டையும் நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு அப்புறம் வருகிறேன், முதலில் சித்தப்பா.

அவர் கேட்பது கோபத்தில் கேட்பது, ஆனால் அந்தக் கேள்வி உங்களையும் உள்ளுக்குள் அரித்திருக்கிறது, இல்லாவிட்டால் சாதா சட்டை யோசனை வந்திருக்காது. சித்தப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: கேரளாவில் சென்னை சூப்பர் கிங்ஸுக்காக உயிரை விடுகிற பையன்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அவர்களை யாராவது துரோகி என்றார்களா? ராஞ்சிக்காரர் தோனியை 'தல' என்று கொண்டாடியது சென்னைதானே? கால்பந்திலும் இதே கதைதான். காசர்கோடு பக்கத்து முகமது ரஃபி 2016 இறுதிப் போட்டியில் பிளாஸ்டர்ஸுக்காகத் தலையால் முட்டி கோல் போட்டவர், அதே ரஃபி 2017-18இல் சென்னையின் எஃப்.சி. கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். பிளாஸ்டர்ஸ் ரசிகர்களின் செல்லப்பிள்ளை சி.கே. வினீத் 2019இல் லோனில், அதாவது தற்காலிகமாக, சென்னையின் அணிக்குப் போனார். ஆடுகிறவர்களே இப்படிக் கோட்டைத் தாண்டிப் போய்வருகிறார்கள். உங்களுக்கு இதில் அவர்களைவிட அதிக உரிமை இருக்கிறது, ஏனென்றால் 1956இல் மாநில எல்லைக் கோடு போட்டவர்கள் உங்கள் ஊரைக் கேரளத்துக்குள் வைத்தார்கள், நீங்கள் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்து பார்த்து வளர்ந்தது அந்த மண்ணில், பக்கத்து வீட்டுப் பையன்களோடு சேர்ந்து கத்தியது அந்த அணிக்கு. வீட்டில் பேசும் மொழி ஒன்று, நெஞ்சில் இருக்கும் அணி இன்னொன்று என்பது எல்லையோர ஊரில் பிறந்தவனுக்கு இயல்பான விஷயம். இதற்கு யாரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

சரி, பயணம். பைக் வேண்டாம் என்றேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல், போகிற உற்சாகத்தில் தூரம் தெரியாது, திரும்பும்போதுதான் ஆபத்து. ஆட்டம் முடிந்து, தொண்டை கட்டி, தூக்கமில்லாமல், ஒருவேளை தோற்ற வருத்தமும் சேர்ந்து, லாரிகளுக்கு நடுவே நள்ளிரவில் ஓட்டுவது. 2022 மார்ச் 20 அன்று கோவா ஃபட்டோர்டாவில் ஹைதராபாத்துடன் நடந்த இறுதிப் போட்டிக்காக ஆயிரக்கணக்கான மஞ்சள் சட்டைகள் வடக்கே கிளம்பியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் மலப்புறத்திலிருந்து பைக்கில் புறப்பட்ட இரண்டு இளைஞர்கள் காசர்கோட்டைத் தாண்டவில்லை, லாரி மோதி இறந்துவிட்டார்கள். அன்றைய பெனால்டி ஷூட்அவுட் தோல்வியை நாம் எல்லோரும் இன்னும் பேசுகிறோம், அந்த இரண்டு வீட்டுக்கு அந்தத் தேதி என்ன என்பதையும் நினைத்துப் பாருங்கள். உங்கள் அம்மாவின் பயத்தில் பாதி இதுதான். அந்தப் பாதியை ஒரு ரயில் டிக்கெட்டால் போக்கிவிடலாம்.

ரயிலில் வரும் சிக்கல், திரும்பும் நேரம். ஆட்டம் பெரும்பாலும் ஏழரைக்கு ஆரம்பிக்கும், முடிய ஒன்பதரை ஆகிவிடும். மங்களூர் மெயில், ஆலப்புழா எக்ஸ்பிரஸ் மாதிரி பாலக்காடு வழியாகப் போகிற இரவு வண்டிகள் அதற்குள் சென்ட்ரலை விட்டுக் கிளம்பிவிடும். பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகும் வண்டி ஒன்று அதற்குப் பிறகு இருக்கிறது, ஆனால் அதை நம்பினால் கடைசிப் பத்து நிமிடம் ஆட்டத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சேரன் எக்ஸ்பிரஸ் பத்து மணியை ஒட்டிக் கிளம்பிக் காலையில் கோவை சேரும், உக்கடம் போய் வேலந்தாவளம் பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் வீடு. ஆனால் வெளியூர் ரசிகர்களைப் போலீஸ் சில சமயம் கடைசியாகத்தான் வெளியே விடும் என்பதால் இதுகூட இறுக்கம்தான். சித்தப்பா வீடு இருக்கிறதே, அங்கே இரவு தங்கிவிட்டுக் காலை வண்டியில் வருவதுதான் என் ஓட்டு. ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாள் முன்பே திறக்கிறது, ஆட்ட அட்டவணை அதற்குப் பிறகு வந்தால் தட்கல்தான், முந்தின நாள் ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. ஆட்டத் தேதியும் நேரமும் கடைசியில் மாறுவது ஐ.எஸ்.எல்.லில் நடக்கிற விஷயம், அதனால் தட்கல் இல்லாத சாதாரண முன்பதிவு என்றால் திரும்பும் டிக்கெட்டை இரண்டு நாளுக்கு எடுத்து ஒன்றை முன்கூட்டியே ரத்து செய்தாலும் பெரிய நஷ்டமில்லை.

மைதானம் சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம்தான், ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியம். பையைச் சித்தப்பா வீட்டிலோ சென்ட்ரல் கிளோக் ரூமிலோ போட்டுவிடுங்கள், பெரிய பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், கொடிக்கம்பு இதையெல்லாம் வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள், திரும்பக் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். மேளம் கொண்டுபோவதென்றால் குழு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது எங்கே உட்காருவது. இதில்தான் முதல்தடவை போகிறவர்கள் தடுமாறுகிறார்கள். டிக்கெட் விற்கும் ஆப்பில் எந்த கேலரி காலியோ அதை எடுத்துவிடுவார்கள். சென்னையின் அணியின் தீவிர ரசிகர் குழு ஒன்றின் பெயரே பி ஸ்டாண்ட் ப்ளூஸ். அந்த பி ஸ்டாண்டில் மஞ்சள் ஜெர்சியோடு போய் உட்கார்ந்தால் அது தைரியமே இல்லை, அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் போய்ச் சத்தம் போடுவது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 டிக்கெட் வரை ஒதுக்கியே ஆக வேண்டும் என்று விதி, விலையும் 30 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது. நமக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே தனியாக டிக்கெட் எடுக்காதீர்கள், பிளாஸ்டர்ஸ் ரசிகர் குழுவான மஞ்ஞப்படயின் உங்கள் பக்கத்து ஆட்களிடம் கேளுங்கள், எந்தப் பகுதி நமக்கு, எந்த வாசல், எத்தனை மணிக்கு ஒன்றாக உள்ளே போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பிரித்து உட்கார வைப்பது எதற்கு என்று உங்கள் அம்மாவுக்கும் சொல்லுங்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தில் இரண்டு அணி ரசிகர்களும் கேலரியில் மோதி, நெரிசலில் 16 பேர் செத்துப்போனார்கள். கேலரிகளுக்கு நடுவில் காலி இடமும் போலீசும் இருப்பதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அர்ஜென்டினாவில் 2013இல் ஒரு ரசிகர் இறந்ததைத் தொடர்ந்து வெளியூர் ரசிகர்களையே தடை செய்துவிட்டார்கள், பல வருடம் அங்கே கேலரி முழுக்க ஒரே நிறமாக இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரலும் வராத மைதானத்தில் கோல் அடித்தால் என்ன சுகம்? நீங்கள் மஞ்சளோடு போய் ஒழுங்காகப் பார்த்துவிட்டு ஒழுங்காக வந்தால்தான் அடுத்த வருடமும் அந்த இடத்தை ஒதுக்குவார்கள். அதனால்தான் சாதா சட்டை வேண்டாம் என்கிறேன். நிறத்தை மறைத்துக்கொண்டு சென்னையின் ரசிகர்களின் நீலத்துக்கு நடுவே உட்கார்ந்து, கோல் விழும்போது தன்னையறியாமல் குதித்துவிடுகிறவனுக்குத்தான் உண்மையில் சிக்கல்.

அந்தக் குதிப்பு எப்படி இருக்கும் தெரியுமா? 2014 அரையிறுதி. கொச்சியில் பிளாஸ்டர்ஸ் 3-0. சென்னையில் இரண்டாவது ஆட்டம், தொண்ணூறு நிமிடத்துக்குள் சென்னையின் எஃப்.சி. மூன்று கோலையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. கூடுதல் நேரம், பெனால்டிக்குப் போகப் போகிறது என்று எல்லோரும் நினைக்கும்போது 117வது நிமிடத்தில் பிளாஸ்டர்ஸின் ஸ்டீபன் பியர்சன் கோல். அவ்வளவு பெரிய மைதானமும் ஒரே நொடியில் அடங்கிப்போக, மஞ்சள் மட்டும் கத்திய அந்தச் சத்தம்! வெளியூர் ரசிகனாக இருப்பதன் மொத்த ருசியும் அதுதான். நீங்கள் சொந்த கேலரியில் பத்து வருடம் கத்தினாலும் அது கிடைக்காது.

இனி நான் மிகவும் யோசித்து எழுதுவது. உங்களுக்குக் கஷ்டமான நேரம் நீல கேலரியிலிருந்து வராமல் உங்கள் பக்கத்திலிருந்தே வரலாம். ஆட்டம் சூடாகும்போது நம் கேலரியில் யாராவது ஒருத்தன் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து "பாண்டி" என்று, தமிழர்களை மட்டம்தட்டும் அந்தச் சொல்லைக் கத்துவான், நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். எல்லைப் பக்கத்தில் வளர்ந்த உங்களுக்கு அந்தச் சொல் எப்படிக் குத்தும் என்று எனக்குத் தெரியும். கேட்காத மாதிரி இருந்துவிடாதீர்கள். சண்டையும் வேண்டாம். பக்கத்திலிருப்பவர் தோளில் கைவைத்து, "சேட்டா, ஞானும் தமிழனாணு" என்று சொல்லுங்கள், மலையாளத்திலேயே, சாதாரணக் குரலில். பெரும்பாலானவர்கள் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள், குழு நடத்துகிறவர்களும் உங்கள் பக்கம்தான் நிற்பார்கள், மொழியை வைத்துத் திட்டினால் கெட்ட பெயர் குழுவுக்குத்தான் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்காமல் தொடர்ந்தால் இடத்தை மாற்றி உட்காருங்கள். சட்டையைக் கழற்றாதீர்கள், அந்த மஞ்சள் அவன் ஒருத்தனுடையது கிடையாது.

அந்தப் பக்கத்திலிருந்து வரும் வசவு உங்களுக்கு மட்டும் முழுசாகப் புரியும். கூட இருக்கும் நண்பர்களுக்கு அதையெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், நெருப்பை ஊதிவிடுகிற வேலை அது. உங்கள் தமிழுக்கு அங்கே வேறு நல்ல வேலை நிறைய உண்டு: வாசலில் போலீஸ்காரரிடம் பேசுவது, ஆட்டோ கட்டணம் பேசுவது, கூட்டத்தில் யாருக்காவது மயக்கம் வந்தால் ஓடிப்போய் ஆள் கூப்பிடுவது. உங்களை மாதிரி ஒருத்தர் இருந்தால் அந்தக் குழுவுக்கே பலம்.

ஆட்டம் ரசாபாசமாகிப்போகும் நாளும் வரலாம். 2023 மார்ச் 3 பெங்களூரு பிளேஆஃப், நம் ஆட்கள் தயாராகும் முன் சுனில் சேத்ரி அவசரமாக அடித்த ஃப்ரீ கிக் கோலுக்காக பிளாஸ்டர்ஸ் அணியே களத்தை விட்டு வெளியேறியது, கிளப்புக்கு 4 கோடி அபராதம், பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடை. அந்த மாதிரி இரவில் எதிரணி ஊரில் இருக்கிறவன் செய்ய வேண்டியது ஒன்றுதான், கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பது, வெளியே விடும்போது கூட்டத்தோடு கிளம்புவது. ஜெயித்தாலும் அப்படியே. கத்துவதெல்லாம் கேலரியோடு சரி. தெருவிலும் ரயில் பெட்டியிலும் தோற்றவன் முகத்துக்கு நேரே பாட்டுப் பாடக் கூடாது. வெளியே வந்ததும் ஜெர்சி மேல் ஒரு சட்டை போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை, கையில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி வரட்டும். மஞ்சள் கேலரியில் பெண்கள் வருவது புதிதில்லை. குழுவிலேயே வேறு பெண்கள் யார் வருகிறார்கள் என்று முன்னாடியே கேட்டு அவளை அவர்களோடு பேச வையுங்கள், கழிப்பறை எந்தப் பக்கம் என்று உள்ளே போனதுமே பார்த்து வைத்துவிடுங்கள், போனில் சார்ஜ் இருக்கட்டும், பிரிந்துபோனால் எந்த வாசலில் சந்திப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவளுக்குக் காவலாகப் போகிறோம் என்று நினைக்காதீர்கள், அவளும் ஆட்டம் பார்க்கத்தான் வருகிறாள்.

கடைசியாக, சித்தப்பாவுக்கும் ஒரு டிக்கெட் எடுங்கள், அவருக்குப் பிடித்த நீல கேலரியில். இதைச் சமாதானத்துக்காகச் சொல்லவில்லை, உள்ளூர்க்காரர் ஒருவர் அதே மைதானத்தில் இருந்தால் இரவு வீடு திரும்புவது சுலபம், உங்கள் அம்மாவும் நிம்மதியாகத் தூங்குவார். அவரும் அன்றைக்கு முழுத் தொண்டையில் உங்கள் அணிக்கு எதிராகக் கத்தட்டும். எந்த வாசலில் காத்திருப்பார் என்பதை மட்டும் ஆட்டத்துக்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே கூட்டத்தில் சிக்னல் கிடைக்காது.