தொடாதே என்றவர் சொன்னது சரிதான்

கேள்வி: பெசன்ட் நகர் கடற்கரையில், பல்லி கை காலை விரித்தது போல, நீலமாக ஒரு பூச்சி கிடந்தது. என் மகன் எடுக்கப் போனான். பக்கத்தில் நின்றவர், "நீல டிராகன், தொடாதே!" என்று தடுத்துவிட்டார். அது என்ன?
- ஒரு வாசகி, அடையாறு

பதில்: அந்த மனிதருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்திருக்கலாம்! அது பூச்சி இல்லை, ஓடில்லாத கடல் நத்தை. பெயர் கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். 3 செ.மீ. வளர்ந்தாலே பெரிசு. பெயரில்தான் அட்லாண்டிக், இந்தியப் பெருங்கடலிலும் உண்டு. நீந்திக் கரைக்கு வருவதில்லை, காற்று தள்ளினால் வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அப்புறமும் இதே கடற்கரையில் ஒதுங்கியது.

விலங்கியல் படித்த காலத்தில் ஒன்றைக் கடல் தண்ணீரோடு டீ கிளாஸில் எடுத்து வைத்தேன். சட்டென்று மல்லாந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். அதன் வழக்கமே அதுதானாம்! காற்றை விழுங்கி வயிற்றில் வைத்துக்கொண்டு தலைகீழாக மிதக்கும். நாம் ரசிக்கிற நீலம் அதன் அடிவயிறு. மேலே பறக்கிற பறவைக்கு அது கடலோடு கலந்துவிடும். வெள்ளி நிற முதுகு கீழே இருப்பதால், அடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் வெளிச்சத்தில் தெரியாது.

சரி, ஏன் தொடக்கூடாது? போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்று, ஜெல்லிமீன் மாதிரி மிதக்கிற ஒன்று இருக்கிறது. பட்டால் சவுக்கடி போலத் தழும்பு விழும். நம் நத்தைக்கு அதுதான் சாப்பாடு. தின்னும்போது அதன் கொட்டும் செல்களை வெடிக்காமல் பத்திரமாக எடுத்துத் தன் விரல் நுனிகளில் சேர்த்து வைக்கும். நஞ்சு முழுக்கத் திருட்டுச் சரக்கு! ஒரே இடத்தில் குவிவதால் இரையை விடக் கடுமையாகவும் கொட்டும். செத்துக் கிடந்தாலும் கொட்டும். பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். ஆகவே ஜோடி சேர்ந்த இரண்டுமே முட்டையிடும், சில நேரம் தின்று மிச்சம் வைத்த இரையின் மேலேயே.

கேள்வி: கடலட்டையும் இதுவும் ஒன்றா?
- ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: உங்கள் ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! மண்டபம் பக்கம் கடத்தும்போது பிடிபடுகிறதே, அந்தக் கடலட்டை நட்சத்திர மீனுக்குச் சொந்தம். 2001-லிருந்து அதைப் பிடிக்கத் தடை. கிளாக்கஸ் நத்தைக் கூட்டம், சிப்பிக்கும் கணவாய்க்கும் பங்காளி.