கிளாடா மோதிரத்தை எந்தப் பக்கம் பார்த்துப் போட வேண்டும்? பரிசாகத் தரலாமா?

அயர்லாந்தின் கால்வே நகரை ஒட்டி முன்பு இருந்த மீனவர் குடியிருப்பு கிளாடா. மோதிரத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. அதில் உள்ள இரு கைகளுக்கு நட்பு, அவை ஏந்தும் இதயத்துக்குக் காதல், மேலே உள்ள கிரீடத்துக்கு விசுவாசம் என்று பொருள்.

இதயத்தின் கூர்முனையைக் கவனியுங்கள். வலது கையில் அது விரல்நுனியை நோக்கினால் தனி ஆள்; மணிக்கட்டை நோக்கினால் மனம் ஒருவரிடம் போய்விட்டது. இடது கையில் விரல்நுனிப் பக்கம் என்றால் நிச்சயதார்த்தம், மணிக்கட்டுப் பக்கம் என்றால் கல்யாணம். தாராளமாகப் பரிசளிக்கலாம், அம்மா மகளுக்குத் தருவதும் அங்கே வழக்கம்தான்.

விரல் அளவு தெரியாதா? பின்புறம் வெறும் வளையமாக இருப்பதை வாங்குங்கள். அங்கே வெட்டிப் பற்றவைத்து அளவு மாற்றிவிடலாம். சுற்றிலும் கெல்டிக் முடிச்சு (பின்னிப் பிணைந்த கோட்டு வடிவம்) ஓடும் மோதிரத்தை வெட்டினால் பின்னல் ஒட்டுமிடத்தில் பொருந்தாது, அசிங்கமாகத் தெரியும். வெள்ளி என்றால் உள்பக்கம் 925 முத்திரை (92.5% வெள்ளி என்பதன் அடையாளம்) பாருங்கள்.