செக்யூரிட்டி மேனேஜர் ஆக 1.20 லட்சம் கட்டலாமா?

கேள்வி: ராணுவத்தில் ஹவில்தாராக இருக்கிறேன். 24 ஆண்டு சர்வீஸ் முடிந்து இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. பத்தாம் வகுப்பு முடித்ததும் பட்டாளத்தில் சேர்ந்தவன். கோவையில் ஒரு பயிற்சி நிறுவனம், ஆறு மாத செக்யூரிட்டி மேனேஜ்மென்ட் டிப்ளமோ படித்தால் ஐ.டி. கம்பெனியில் மேனேஜர் வேலை உறுதி என்கிறது. கட்டணம் 1.20 லட்சம். பாதியை இப்போதே கட்டச் சொல்கிறார்கள். எனக்குப் பட்டதாரிக்கு இணையான தகுதி உண்டு என்பதால் நேரடியாக மேனேஜர் பதவிதான் என்றும் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முன்பணம் என்று ஐந்தாயிரம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். முதல் தவணை போய்விட்டால், அதைக் காப்பாற்றவே இரண்டாவது தவணையையும் கட்டுவீர்கள். என்னிடம் வேலை கேட்டு வந்தவர்களில் பலர் அப்படிக் கட்டியவர்கள்தான்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கப் பார்க்கும் படிப்பை அரசே உங்களுக்கு இலவசமாகத் தருகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள மறுவாழ்வு தலைமை இயக்குநரகத்தை உங்கள் யூனிட்டில் டி.ஜி.ஆர். என்பார்கள். ஓய்வு பெறப்போகும் வீரர்களுக்காக அது ஆண்டுதோறும் பயிற்சிப் பட்டியல் வெளியிடுகிறது. செக்யூரிட்டி, தீத்தடுப்பு போன்ற படிப்புகளும் அதில் வரும். ஆபீசர்கள் கட்டணத்தில் 40 சதவீதம் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். ஜே.சி.ஓ. எனும் இளநிலை அதிகாரிகளும், உங்களைப் போன்ற ஜவான்களும் ஒரு பைசா கட்டத் தேவையில்லை. சீருடையில் இருக்கும்போதே, சம்பளத்தோடு படிக்கலாம்.

பிறகு ஏன் எல்லாரும் கோவைக்கும் சென்னைக்கும் போய்ப் பணம் கட்டுகிறார்கள்? பட்டியல் யூனிட்டுக்கு வந்து சேர்வதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. வந்தாலும் அது கிளார்க்கின் மேஜையில் கிடக்கிறது. ஆள் பற்றாக்குறை என்று கம்பெனி கமாண்டர் விடமாட்டார். 24 ஆண்டு நாட்டுக்கு உழைத்தவனுக்கு ஆறு மாதம் படிக்க விடுப்பு கொடுக்க இத்தனை தடையா என்று எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. நீங்கள் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள், அதன் நகல் உங்களிடம் இருக்கட்டும். வாயால் கேட்டால் வாயாலேயே மறுப்பார்கள்.

அடுத்து, அந்தப் பட்டதாரித் தகுதி. இதை வைத்துத்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். பத்தாம் வகுப்பு முடித்து, 15 ஆண்டுக்குக் குறையாமல் சர்வீஸ் செய்த முன்னாள் படைவீரரை, பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் குரூப் ‘சி’ பணிகளுக்குத் தகுதியுள்ளவராகக் கருதலாம் என்று விதி இருக்கிறது. அதிலும் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கிய இடங்களுக்கு மட்டும்தான். அந்த வேலைக்குத் தொழில்நுட்ப அனுபவம் கட்டாயம் என்றால் அதற்கும் செல்லாது. அது பட்டம் அல்ல, ஒரு சலுகை. தனியார் கம்பெனியின் மனிதவள அதிகாரி அதை ஏற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பட்டம் எங்கே என்று கேட்பார், நீங்கள் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸ் தந்த இந்தத் தகுதிச் சான்றிதழை நீட்டுவீர்கள், அவர் ஓரமாக வைத்துவிடுவார். இதே சான்றிதழைக் காட்டி வங்கியில் செக்யூரிட்டி ஆபீசர் வேலை வாங்கித் தருகிறேன் என்பவர்களும் உண்டு. பொதுத்துறை வங்கிகள் அந்தப் பணிக்குப் பெரும்பாலும் ஐந்தாண்டு சர்வீஸ் உள்ள கமிஷன்ட் ஆபீசர்களையோ (லெப்டினன்ட், கேப்டன் போன்ற அதிகாரிகள்), அதற்கு இணையான போலீஸ், துணை ராணுவ அதிகாரிகளையோதான் கேட்கின்றன. ஹவில்தாருக்கு அந்த வாசல் கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. மேனேஜர் நாற்காலிதான் குறி என்றால், தொலைநிலைக் கல்வியில் ஒரு பட்டத்துக்கு இன்றே பதிவு செய்யுங்கள். அதற்கு 1.20 லட்சம் ஆகாது.

உங்களிடம் உண்மையில் குறைவது எது என்று பார்ப்போம். காவல் காப்பது உங்களுக்குத் தெரியும். ஒழுங்கும் நேரமும் ரத்தத்தில் ஊறியவை. இன்டர்வியூவில் நான் வழக்கமாகக் கேட்பது வேறு. பத்து இடங்களில் 24 மணி நேரமும் ஆள் நிற்க வேண்டும், எட்டு மணி நேர ஷிப்ட், வாரம் ஒருநாள் விடுமுறை, மொத்தம் எத்தனை பேர்? பலர் 30 என்பார்கள். வார விடுமுறைக்கு மாற்றாள் சேர்த்தால் 35. லீவு, உடல்நலக் குறைவு என்று பார்த்தால் 38, 40 வரை போகும். 20 பேர் போதும் என்று ஒரு ஏஜென்சி விலை கொடுத்தால், காவலர்களை 12 மணி நேரம் வார விடுமுறையே இல்லாமல் நிறுத்தப் போகிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிப்பவர்தான் மேனேஜர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று ரசீதைப் பார்ப்பதும் அவர் வேலை.

இன்னொன்று. திருட்டு நடந்து போலீஸ் சி.சி.டி.வி. பதிவைக் கேட்டால் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தால் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் எண்ணோடு சான்றிதழும் சேர வேண்டும். இல்லாவிட்டால் பதிவு கோர்ட்டில் நிற்காது. இதையெல்லாம் நல்ல டி.ஜி.ஆர். வகுப்பில் கேட்டுக் கற்றுக்கொள்ளலாம். நடந்ததை அரைப் பக்கத்தில் ஆங்கில இ-மெயிலாக எழுதும் பழக்கத்தை மட்டும் நீங்களே வளர்த்துக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் தோற்பது பெரும்பாலும் அங்கேதான். தினமும் இரவு ஒன்று எழுதிப் பாருங்கள். எட்டு மாதம் தாராளம்.

சட்டமும் உங்கள் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 2005இன்படி, சூப்பர்வைசர் நியமனத்தில் படையிலோ போலீசிலோ மூன்றாண்டாவது பணியாற்றியவருக்கு முன்னுரிமை தர வேண்டும். அச்சட்டத்தின் கீழ் வந்த மாதிரி விதிகள் 15 காவலருக்கு ஒரு சூப்பர்வைசர் என்கின்றன. புதிதாகக் காவலர் பணிக்கு வருபவருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கேட்கிற அதே விதிகள், முன்னாள் படைவீரருக்கு 40 மணி நேர வகுப்பும் 16 மணி நேரக் களப் பயிற்சியும் போதும் என்கின்றன, ஏழு வேலை நாளில் முடிந்துவிடும். வகுப்பே நடத்தாமல் இந்தப் பயிற்சிக்கான சான்றிதழை மட்டும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிவிடாதீர்கள், பின்னால் சரிபார்ப்பில் மாட்டுவது நீங்கள்தான்.

ஆகவே முதல் ஆண்டு சூப்பர்வைசராகவோ உதவி செக்யூரிட்டி ஆபீசராகவோ நுழையுங்கள். சம்பளம் குறைவாக இருக்கும், கூச்சமாகவும் இருக்கும். உங்களுக்குப் பென்ஷன் இருப்பது தெரிந்தே சம்பளத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். பென்ஷன் நீங்கள் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்தது, அதை இந்தக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள். வேலைக்குச் சேர டெபாசிட் கேட்கும் ஏஜென்சியில் சேரவே வேண்டாம்.

டிப்ளமோ விற்கும் அதே ஆட்கள் அடுத்து வளைகுடா வேலை என்று வருவார்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு இருக்கிறதா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே பார்த்துவிடலாம்.

அந்தக் கோவை நிறுவனத்திடம் ஒன்று மட்டும் கேளுங்கள். சென்ற ஆண்டு படித்து மேனேஜர் ஆன மூன்று பேரின் போன் எண்ணைத் தரச் சொல்லுங்கள். தந்தால் நேரில் போய்ப் பாருங்கள், சட்டையில் காவலர் பேட்ஜா, மேனேஜர் பேட்ஜா என்று பாருங்கள். அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒரு நடை போய், ஓய்வுக்குப் பின் பெயர் பதியவும் டெக்ஸ்கோ எனும் தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழக வேலைக்கும் என்னென்ன ஆவணம் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.